மலிவுப் பேனாவுக்கு ஒரு வக்காலத்து



எங்கள் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் முதலாண்டு மாணவர்கள் செய்யும் சோதனைகளில் ஒன்று, நுண்புழைக் குழாயில் நீர் ஏறும் உயரத்தை அளந்து, அதிலிருந்து நீரின் பரப்பு இழுவிசையைக் கணக்கிடுவது. சென்ற ஆண்டு ஒரு மாணவர் இச்சோதனையை மிக நேர்த்தியாகச் செய்து முடித்தார். நகரும் நுண்ணோக்கியில் அளவெடுத்து, கணக்குப் போட்டு, மீட்டருக்கு 0.072 நியூட்டன் என்ற விடையைக் கொண்டுவந்து காட்டினார். புத்தகத்தில் உள்ள விடையும் அதுதான்.

"நல்லது தம்பி. இந்த நுண்புழை ஏற்றத்தை நீ வெளியில் எங்கேயாவது பார்த்திருக்கிறாயா?" என்று கேட்டேன்.

"விளக்குத் திரி சார்" என்றார். அது பாடப் புத்தகத்தில் இருக்கும் பதில். "வேறு?" என்றேன். பதில் இல்லை.

என் சட்டைப் பையில் இருந்த மைப்பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, நிப்பு தரையைப் பார்க்கும்படி பிடித்தேன். "உள்ளே 2 மி.லி. மை இருக்கிறது. நிப்பில் பிளவு இருக்கிறது. மை ஏன் தரையில் கொட்டவில்லை?" என்றேன். அருகில் இருந்த மேசைகளிலிருந்தும் மாணவர்கள் வந்து கூடிவிட்டார்கள். ஆளுக்கொரு விளக்கம் சொன்னார்கள். "சரி, யாராவது கழற்றிப் பாருங்கள்" என்று பேனாவை நீட்டியபோது மட்டும் ஒருவரும் கையை நீட்டவில்லை. கடைசியில் ஒருவர் தயங்கியபடி கேட்டார்: "சார், கழற்றினால் கெட்டுப் போகாதா?"

அந்த ஒரு கேள்விதான் என்னை இதை எழுத வைத்தது. இயற்பியலைப் பாடமாக எடுத்துப் படிக்க வந்தவர்கள், நூறு ரூபாய்கூடப் பெறாத ஒரு பொருளைக் கழற்றிப் பார்க்கப் பயப்படுகிறார்கள். இது அவர்கள் குற்றம் அல்ல. அவர்கள் கைக்கு இதுவரை கிடைத்த பொருள்களில் பெரும்பாலானவை திறந்து பார்க்க முடியாதவை. தீர்ந்தால் தூக்கி எறிய வேண்டியவை, அல்லது தொட்டால் பெற்றோர் திட்டும் அளவுக்கு விலை உயர்ந்தவை. உயர்நிலைப் பள்ளிக்கு வரும் ஒவ்வொரு மாணவர் கையிலும் ஒரு மலிவான மைப்பேனா இருக்க வேண்டும் என்பது என் கருத்து. ஏன் என்பதைக் காரணங்களோடு சொல்கிறேன். ஏற்பதும் மறுப்பதும் உங்கள் விருப்பம்.

இரண்டு பேனாக்கள்

1990-ல் நான் ஆறாம் வகுப்பில் சேர்ந்தபோது அப்பா எனக்கு ஒரு மைப்பேனா வாங்கிக் கொடுத்தார். விலை எட்டு ரூபாய். பச்சை நிற உடல், கறுப்பு மூடி. உள்ளே ரப்பர்க் குழாய் எதுவும் கிடையாது. கழுத்தைத் திருகிக் கழற்றி, ஃபில்லரால் நேராகப் பேனாவின் உடலுக்குள்ளேயே மையை ஊற்ற வேண்டும். கழுத்து மரையில் கசிந்தால் ஒரு சுற்று நூல் சுற்றி இறுக்குவோம். வகுப்பில் மை தீர்ந்துவிட்டால் பக்கத்து மாணவன் தன் பேனாவிலிருந்து நாலு சொட்டு இரவல் தருவான். மறுநாள் அதைத் திருப்பித் தர வேண்டும். காகிதத்தில் மை கொட்டிவிட்டால் சாக்குத் துண்டை அதன்மேல் வைத்து உறிஞ்சி எடுப்போம்.

அந்தப் பேனாவை நான் எத்தனை முறை கழற்றியிருப்பேன் என்பதற்குக் கணக்கே இல்லை. நிப்பையும், அதற்கு அடியில் இருக்கும் 'நாக்கு' என்று நாங்கள் சொல்லும் கட்டையையும் இழுத்து எடுப்பேன். கழுவுவேன். மீண்டும் செருகுவேன். ஒருநாள் சரியாக எழுதும், மறுநாள் எழுதாது. ஏன் என்று மீண்டும் கழற்றுவேன். எட்டு ரூபாய்ப் பொருள் என்பதால் வீட்டில் ஒருவரும் கேட்கவில்லை.

நான் எட்டாம் வகுப்புப் படிக்கும்போது, வெளிநாட்டில் வேலை செய்த மாமா எனக்கென்று ஒரு விலை உயர்ந்த பேனா கொண்டுவந்தார். தங்க முலாம் பூசிய நிப்பு. அம்மா அதை வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டினார். "பத்தாம் வகுப்புப் பரீட்சைக்கு எடுத்துத் தருகிறேன்" என்றார். பரீட்சை வந்தது. பேனாவும் வெளியே வந்தது. ஆனால் மாமா ஒருமுறை எழுதிக் காட்டியபோது நிரப்பிய மை உள்ளேயே காய்ந்து அடைத்திருந்தது. உள்ளிருந்த ரப்பர்க் குழாயும் விரிந்துபோயிருந்தது. அதைப் பழுது பார்க்க எனக்குத் துணிவில்லை. அது அவ்வளவு விலை உயர்ந்தது! பரீட்சையை அந்தப் பச்சைப் பேனாவிலேயே எழுதினேன்.

எது நல்ல பேனா என்று இன்று யாராவது என்னைக் கேட்டால், என்னைப் படிக்க வைத்தது எது என்று யோசித்துப் பதில் சொல்வேன். பீரோவில் இருந்த பேனா எனக்கு ஒன்றும் கற்றுத் தரவில்லை. எட்டு ரூபாய்ப் பேனா, பிற்காலத்தில் நான் பாடமாகப் படித்த பலவற்றைச் சூத்திரம் இல்லாமலே கற்றுத் தந்தது.

உள்ளே நடப்பது என்ன?

அந்தப் பாடங்கள் எவை என்று பார்ப்போம். முதலில், ஆய்வுக்கூடத்தில் நான் கேட்ட கேள்விக்கு விடை.

ஒரு டம்ளரில் நீர் நிரப்பி, வாயைத் தடித்த அட்டையால் மூடிக் கவிழ்த்தால் நீர் கொட்டுவதில்லை அல்லவா? வெளிக்காற்றின் அழுத்தம் அட்டையைத் தாங்குகிறது. பேனாவும் ஏறக்குறைய அப்படித்தான். பேனாவின் உடல் நிப்பு முனையைத் தவிர மற்ற எல்லாப் பக்கமும் மூடிய ஒரு கூடு. மை வெளியே வர வேண்டுமானால் அந்த இடத்தை நிரப்பக் காற்று உள்ளே போக வேண்டும். மையும் காற்றும் போய் வர ஒரே வாசல்தான் உண்டு. அந்த வாசலில் போக்குவரத்தை ஒழுங்கு செய்யும் காவலர் யார் தெரியுமா? அந்த நாக்குத்தான். அதன் மேற்பக்கத்தில் நீளவாக்கில் ஓடும் வாய்க்கால்களைப் பாருங்கள். அவற்றின் வழியே மை கீழே வருகிறது. மை குறையக் குறைய, சிறு சிறு குமிழாகக் காற்று மேலே போகிறது.

இந்த ஒழுங்குக்கு வழி கண்டவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவைச் சேர்ந்த லூயிஸ் வாட்டர்மேன். 1884-ல் அவர் காப்புரிமை பெற்ற பேனாவின் நாக்கில் மெல்லிய கீறல்கள் இருந்தன. அதற்கு முன்பும் மையை உள்ளே தேக்கி வைக்கும் பேனாக்கள் இருந்தன. ருமேனியாவைச் சேர்ந்த பெட்ராக்கே பொயனாரு 1827-லேயே பிரான்சில் காப்புரிமை பெற்றிருந்தார். வாட்டர்மேன் ஒரு காப்பீட்டு முகவர் என்றும், ஒப்பந்தப் பத்திரத்தில் மை கொட்டியதால் வியாபாரத்தை இழந்து, அந்தக் கோபத்தில் நல்ல பேனா செய்தார் என்றும் ஒரு கதை பல புத்தகங்களில் உண்டு. அந்தக் கதைக்கு அக்காலத்து ஆதாரம் எதுவும் கிடைக்கவில்லை. சுவையான கதை என்பதற்காக அதை நாம் நம்பிவிடக் கூடாது.

இனி நிப்பைப் பாருங்கள். அதன் நடுவில் ஒரு பிளவு ஓடுகிறது. அதன் அகலம் ஏறக்குறைய 0.1 மி.மீ. அல்லது அதற்கும் குறைவு. இரண்டு சுவர்களுக்கு இடைப்பட்ட குறுகிய இடைவெளியில் நீர்மம் ஏறும் உயரத்தை, பரப்பு இழுவிசையை இரண்டால் பெருக்கி, அதை அடர்த்தி, புவிஈர்ப்பு முடுக்கம், இடைவெளியின் அகலம் ஆகியவற்றின் பெருக்கற்பலனால் வகுத்துக் கணக்கிடலாம். மை சுவரை முழுதும் நனைக்கிறது என்றும், அதன் பரப்பு இழுவிசை மீட்டருக்கு 0.05 நியூட்டன் என்றும் வைத்துக்கொள்வோம். 0.1 மி.மீ. பிளவுக்கு விடை ஏறக்குறைய 10 செ.மீ. என்று வரும். பேனாவுக்குள் இருக்கும் மையின் உயரம் அவ்வளவு கூட இராது. ஆகவே அந்த மெல்லிய பிளவு மையைக் கீழே விழாமல் பிடித்துக்கொள்ள வல்லது.

அப்படியானால் காகிதத்தில் மட்டும் மை எப்படி இறங்குகிறது? காகிதம் என்பது நார்களின் பின்னல். நார்களுக்கு இடையே உள்ள இடைவெளி நிப்பின் பிளவைவிடக் குறுகியது. இடைவெளி எவ்வளவு குறுகியதோ, அது இழுக்கும் இழுப்பு அவ்வளவு வலியது. நாக்கின் வாய்க்காலிலிருந்து பிளவு மையை இழுக்கிறது, பிளவிலிருந்து காகிதம் இழுக்கிறது. நிப்பு காகிதத்தைத் தொட்டால் போதும், அழுத்த வேண்டியதில்லை. பேனாவின் எடையே தாராளம்.

மைப்பேனாவை அழுத்தி எழுதக் கூடாது என்று பெரியவர்கள் சொல்வதற்கும் காரணம் இதிலேயே இருக்கிறது. நல்ல நிப்பில் பிளவு முனையை நோக்கிப் போகப் போகக் குறுகும். அதனால்தான் மை எப்போதும் முனையில் தயாராக நிற்கிறது. அழுத்தி அழுத்தி எழுதினால் நிப்பின் இரு பாதிகளும் விரிந்து, முனையில் பிளவு அகலமாகிவிடும். மை குறுகிய இடத்தைத் தேடும் என்பதால் முனையை விட்டுப் பின்வாங்கும். "பேனா நிறைய மை இருக்கிறது, ஆனால் எழுதவில்லை" என்ற புகாருக்கு இது ஒரு முக்கியக் காரணம்.

கொடைக்கானலில் கற்ற பாடம்

மைப்பேனாவின் மீது எல்லோரும் சொல்லும் முதல் குற்றச்சாட்டு, கசிகிறது என்பது. உண்மைதான். ஆனால் அது எப்போது கசிகிறது என்று கவனித்திருக்கிறீர்களா? மை நிறைந்திருக்கும்போது அல்ல, தீரும் தறுவாயில்தான். இது முதலில் வியப்பாக இருக்கும். மை குறைவாக இருந்தால் கசிவும் குறைய வேண்டாமா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். பேனாவில் மை குறைந்து, உள்ளே 2 மி.லி. காற்று இருக்கிறது. அறையின் வெப்பநிலை 27 டிகிரி செல்சியஸ். கையில் பிடித்து எழுதும்போதோ, சட்டைப் பையில் இருக்கும்போதோ அது 37 டிகிரிக்குச் சூடாகிறது என்று கொள்வோம். கெல்வின் அளவில் 300-லிருந்து 310. சார்லஸ் விதிப்படி காற்றின் பருமன் முப்பதில் ஒரு பங்கு கூடும். அதாவது 0.067 மி.லி. ஒரு மி.லி.க்கு ஏறக்குறைய 20 சொட்டு என்றால், ஒரு சொட்டு 0.05 மி.லி. ஆகவே விரியும் காற்று ஒரு சொட்டுக்கும் அதிகமான மையை வெளியே தள்ளுகிறது. உள்ளே இருக்கும் நீராவியின் அழுத்தமும் வெப்பத்தில் கூடுவதால் உண்மையில் இதைவிட அதிகமாகவே தள்ளும். பேனா நிறைய மை ஊற்றி, காற்று 0.2 மி.லி. மட்டும் இருந்தால்? ஒரு சொட்டில் ஏழெட்டில் ஒரு பங்குதான் வெளிவரும். அதை நாக்கில் உள்ள பள்ளங்களே பிடித்து வைத்துக்கொள்ளும். எனவே கசிவுக்கு மருந்து, மை குறைந்ததும் மீண்டும் நிரப்பிவிடுவது. செலவில்லாத மருந்து!

இதை நான் புத்தகத்தில் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. ஒன்பதாம் வகுப்பில் பள்ளிச் சுற்றுலாவாகக் கொடைக்கானலுக்குப் போனோம். பேனாவைப் பைக்குள் படுக்கை வாட்டில் வைத்திருந்தேன். மலையேறி இறங்கியதும் பையைத் திறந்தால், வெள்ளைச் சட்டை ஒன்று பாதி நீலம்! பேனா கெட்டுவிட்டது என்று வருந்தினேன். மறுநாள் சமவெளிக்குத் திரும்பியதும் அது ஒழுங்காக எழுதியது.

காரணம் இப்போது தெரியும். கொடைக்கானல் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2100 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் சமவெளியில் இருப்பதைவிட ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் குறைவு. அழுத்தம் குறைந்தால் பருமன் கூடும் என்பது பாயில் விதி. பேனாவுக்குள் இருக்கும் 1 மி.லி. காற்று மலைமேல் ஏறக்குறைய 1.28 மி.லி. ஆக விரியப் பார்க்கும். விளைவு, ஐந்தாறு சொட்டு மை வெளியே. பேனாவை நிப்பு மேலே பார்க்கும்படி நிமிர்த்தி வைத்திருந்தால் விரியும் காற்று மட்டும் வெளியேறியிருக்கும், மை தங்கியிருக்கும். பாயில் விதியைப் பிற்காலத்தில் கரும்பலகையில் பார்த்தபோது, எனக்கு அந்த நீலச் சட்டை நினைவுக்கு வந்தது. அன்றிலிருந்து அந்த விதியை நான் மறந்ததில்லை.

எதிர்த் தரப்பு

இவ்வளவும் சொல்லிவிட்டு, பால்பாயிண்ட் பேனாவைத் திட்டப்போகிறேன் என்று எண்ணாதீர்கள். அது ஓர் அருமையான கண்டுபிடிப்பு. ஹங்கேரியைச் சேர்ந்த பத்திரிகையாளர் லாஸ்லோ பிரோ 1938-ல் அதற்குக் காப்புரிமை பெற்றார். அமெரிக்கரான ஜான் லவுட் 1888-லேயே உருளும் குண்டு வைத்த பேனாவுக்கு உரிமை பெற்றிருந்தார். ஆனால் அதற்கேற்ற மை அப்போது அமையவில்லை. ஒரு மி.மீ. அல்லது அதற்கும் குறைவான விட்டமுள்ள குண்டைச் சீராகக் குடைந்து பொருத்துவதும், நீரைவிடப் பல்லாயிரம் மடங்கு பாகுநிலை கொண்ட மையை அதன்மேல் பூச வைப்பதும் எளிய வேலைகள் அல்ல. ஓ.எம்.ஆர். விடைத்தாளில் வட்டங்களை நிரப்பவும், படிவத்துக்கு அடியில் கார்பன் தாள் வைத்து எழுதவும் அதுவே ஏற்றது. ஐந்து ரூபாய்க்குக் கிடைத்து ஏழை மாணவருக்குக் கைகொடுப்பதும் அதுவே.

ஆனால் அந்தப் பேனா தன் அறிவியலை ஓர் உலோக முனைக்குள் பூட்டி வைத்திருக்கிறது. நாம் அதைத் திறக்க முடியாது. திறந்தாலும் மீண்டும் மூட முடியாது. தீர்ந்ததும் எறிகிறோம். ரீஃபில் மாற்றும் பேனாவைக்கூட இப்போது பலர் அப்படியே எறிந்துவிடுகிறார்கள். 60 பேர் படிக்கும் வகுப்பில் ஆளுக்கு மாதம் இரண்டு பேனா என்று வைத்துக்கொண்டால், பத்து மாதத்தில் 1200 பிளாஸ்டிக் குழாய்கள். உங்கள் பள்ளியில் எத்தனை வகுப்புகள்? நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள்.

வேறு மறுப்புகளும் உண்டு. "மைப்பேனாவில் வேகமாக எழுத முடியாது" என்பார்கள். பழகாதவர்களுக்கு அப்படித்தான். பழகிவிட்டால், அழுத்தத் தேவையில்லாததால் மூன்று மணி நேரம் எழுதினாலும் விரல் வலி குறைவாகவே இருக்கும். "மலிவான நோட்டில் மை பரவுகிறது" என்பது நியாயமான புகார். அதற்கு மெல்லிய நிப்பும், ஒரு பக்கம் மட்டும் எழுதுவதும்தான் தீர்வு. இடக்கையால் எழுதுபவர்களுக்குக் கை ஈர எழுத்தின்மேல் பட்டு அழிந்துபோகும் தொல்லை உண்டு. அவர்கள் கையை வரிக்குக் கீழே வைத்து எழுதிப் பழகலாம். முடியாவிட்டால் கட்டாயம் இல்லை. மைப்பேனா கையெழுத்தைத் தானாகவே அழகாக்கும் என்று சிலர் சொல்வார்கள். நான் அப்படிச் சொல்லமாட்டேன். கையெழுத்து அழகாவது பயிற்சியால்.

ஒன்றை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. என் அண்டை வீட்டுச் சிறுமி எட்டாம் வகுப்புப் படிக்கிறாள். அவளுடைய பள்ளியில் மைப்பேனா கொண்டுவரக் கூடாதாம். மேசை கறைபடுகிறது என்று காரணம் சொல்கிறார்கள். நான் படித்த பள்ளியிலோ பால்பாயிண்ட் பேனா கொண்டுவரக் கூடாது, கையெழுத்துக் கெட்டுவிடும் என்று விதி. இரண்டு விதிகளும் தவறு என்பது என் எண்ணம். மேசையைத் துடைத்துக்கொள்ளலாம். கறை படாத கைகளோடு ஒரு பிள்ளை பள்ளியை விட்டு வெளியேறுவது பெருமையா? எதையும் சிந்தாமல், எதையும் கழற்றாமல், எதையும் கெடுக்காமல் அறிவியலைப் படித்து முடித்துவிட முடியுமா?

ஏன் மலிவான பேனா?

இப்போது மைப்பேனா வேறொரு விதமாகவும் திரும்பி வருகிறது. ஆயிரக்கணக்கான ரூபாய் விலையில், அழகான பெட்டியில் வைத்து, பரிசுப் பொருளாகவும் அந்தஸ்தின் அடையாளமாகவும் விற்கப்படுகிறது. அதைப் பார்க்கும் மாணவர்கள், மைப்பேனா என்பது பணக்காரர்களின் பொழுதுபோக்கு என்று எண்ணிவிடுகிறார்கள். அது தவறு. நம் நாட்டில் இந்தப் பேனா வேறு விதமாக வளர்ந்தது. ஆந்திரத்தின் ராஜமுந்திரியில் ரத்தினம் என்ற கைவினைஞர், காந்தியடிகளின் தூண்டுதலால் 1930-களில் சுதேசிப் பேனா செய்யத் தொடங்கினார். கந்தகம் சேர்த்துக் கெட்டியாக்கிய ரப்பரான எபோனைட்டைக் கடைசல் பிடித்துச் செய்த பேனா அது. பெரிய ஆலை தேவைப்படவில்லை. ஒரு கடைசல் இயந்திரமும் தேர்ந்த கையும் போதுமாக இருந்தன. விடுதலை இயக்கத்தின் நாட்களில் 'நாமே செய்ய முடியும்' என்பதற்கு ஒரு சிறிய பேனா சாட்சியாக நின்றது.

தொடங்குபவர்களுக்கு மலிவான பேனாதான் ஏற்றது என்று நான் சொல்வது சிக்கனத்துக்காக மட்டும் அல்ல. தவறு செய்ய அது இடம் கொடுக்கிறது. கீழே விழுந்து நிப்பு வளைந்தால் அழ வேண்டியதில்லை. நகத்தால் நிமிர்த்திப் பார்க்கலாம். சரியாகாவிட்டால் வேறு நிப்பு போடலாம். தொலைந்தாலும் வீட்டில் பெரிய சண்டை வராது. எழுதும் வேலையைப் பொறுத்தவரை விலை உயர்ந்த பேனாவுக்கும் இதற்கும் உள்ள வேறுபாடு நீங்கள் நினைப்பதைவிடக் குறைவு. துருப்பிடிக்காத எஃகு நிப்பும் நன்றாகவே எழுதும். தங்க நிப்பிலும் காகிதத்தைத் தொடும் முனை தங்கம் அல்ல. தங்கம் மென்மையானது, விரைவில் தேய்ந்துவிடும். ஆகவே முனையில் ஆஸ்மியம், ருத்தீனியம் போன்ற உலோகங்கள் கலந்த கடினமான சிறு மணியை ஒட்டுகிறார்கள். நல்ல எஃகு நிப்பிலும் அப்படிப்பட்ட மணி உண்டு.

நூறு ரூபாய்க்குள் எழுதுபொருள் கடைகளில் இன்றும் நல்ல பேனா கிடைக்கிறது. வாங்கும்போது நிப்பை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். இரு பாதிகளின் முனையும் ஒரே மட்டத்தில் இருக்க வேண்டும். ஒன்று ஏறி ஒன்று இறங்கியிருந்தால் காகிதத்தைக் கீறும். கடையில் ஒரு வரி எழுதிப் பார்க்காமல் வாங்காதீர்கள். மைப்பேனாவுக்கு என்று விற்கும் மையை மட்டும் ஊற்றுங்கள். படம் வரையும் கறுப்பு மையில் கரித்துகளும் அரக்கும் இருக்கும். அது காய்ந்தால் நாக்கின் வாய்க்காலை அடைத்துவிடும். மாதம் ஒருமுறை கழற்றிக் கழுவுங்கள். எங்கள் ஊர்ப் பேருந்து நிலையத்தருகே பேனாக் கடை வைத்திருந்த பெரியவர், "வெந்நீர் வேண்டாம் தம்பி, பச்சைத் தண்ணீர் போதும்" என்பார். சூட்டில் பிளாஸ்டிக்கும் எபோனைட்டும் இளகி உருமாறும் என்பதை அவர் எந்தப் புத்தகத்திலும் படித்தவர் அல்லர்.

செய்து பாருங்கள்

பேனா கைக்கு வந்ததும் செய்ய மூன்று சிறு சோதனைகள் சொல்கிறேன்.

முதலாவது: மளிகைக் கடையில் இருக்கும் மின்னணுத் தராசின்மேல் ஒரு தாளை வைத்து, அதில் பால்பாயிண்ட் பேனாவால் உங்கள் பெயரை எழுதுங்கள். எழுதும்போது தராசு எத்தனை கிராம் காட்டுகிறது என்று நண்பர் ஒருவரைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். பிறகு மைப்பேனாவால் எழுதுங்கள். இரண்டு எண்களையும் ஒப்பிடுங்கள்.

இரண்டாவது: ஃபில்லரால் சொட்டுகளை எண்ணி மை ஊற்றுங்கள். அது தீரும் வரை எத்தனை பக்கம் எழுதினீர்கள் என்று குறியுங்கள். ஒரு பக்கத்துக்கு எத்தனை சொட்டு? 60 மி.லி. புட்டி ஒன்று உங்களுக்கு எத்தனை மாதம் வரும்? அதே பக்கங்களைப் பால்பாயிண்டில் எழுதினால் என்ன செலவு?

மூன்றாவது: கறுப்பு மையில் ஒரு சொட்டை வடிதாளின் கீழ்ப்பகுதியில் வைத்து உலர விடுங்கள். தாளின் நுனி மட்டும் நீரைத் தொடும்படி, சொட்டு நீருக்கு மேலே இருக்கும்படி தொங்க விடுங்கள். நீர் ஏற ஏற, கறுப்பு என்று நாம் நினைத்த மையிலிருந்து வேறு நிறங்கள் பிரிந்து வருவதைப் பார்ப்பீர்கள். அங்கேயும் வேலை செய்வது நுண்புழை ஏற்றம்தான்.

அன்று ஆய்வுக்கூடத்தில் "கழற்றினால் கெட்டுப் போகாதா?" என்று கேட்ட மாணவர் மறுவாரமே ஒரு பேனா வாங்கிவிட்டார். ஒரு மாதம் கழித்து, விரல்களில் நீலக் கறையோடு என் அறைக்கு வந்தார். "சார், மழை நாளில் அதே நோட்டில், அதே பேனாவில் எழுதினால் மை அதிகமாகப் பரவுகிறதே, ஏன்?" என்று கேட்டார். காகிதம் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சுவதால் இருக்கலாம் என்றேன். "இருக்கலாம் என்றால் போதுமா சார், சோதித்துப் பார்க்க வேண்டாமா?" என்றார். இப்போது அவரும் நானும் ஒரு மூடிய பெட்டிக்குள் ஈரத்தைக் கூட்டியும் குறைத்தும் காகிதங்களை வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கிறோம். அந்தப் பெட்டியைச் செய்தவரும் அவரே.

நண்பர்களே! அடுத்த முறை கடைக்குப் போகும்போது ஒரு மைப்பேனா வாங்குங்கள். மலிவானதாகப் பார்த்து வாங்குங்கள். வீட்டுக்கு வந்ததும் ஒரு பழைய செய்தித்தாளை விரித்து, அதன்மேல் வைத்துக் கழற்றிப் பாருங்கள். கெட்டுப் போனாலும் பரவாயில்லை. எதனால் கெட்டது என்று கண்டுபிடித்து எழுதி அனுப்புங்கள். அந்தக் கடிதத்தை அதே பேனாவால் எழுதினால் எனக்கு இன்னும் மகிழ்ச்சி.